மாமா, மாமி, சோழியா, பாண்டியா... எரிமலைச் சாம்பலிலிருந்து மீளும் சுமத்ராவின் காரோ மக்கள்!

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போனவர்கள் யாருக்கும் தொப்பூர் கணவாய் மறக்காது. சாலை திடீரென்று சரியத் தொடங்கும். முன்னால் போகிற லாரியின் பிரேக் லைட் விடாமல் எரியும். அதுவரை சத்தமாக செல்போன் பேசிக்கொண்டிருந்தவர்கூட இரட்டைப் பாலம் தாண்டும்வரை அமைதியாகிவிடுவார். பிரேக் பிடிக்காமல் இறங்கிய லாரிகள் இங்கே எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்திருக்கின்றன. ஆனாலும் நாள் முழுக்க வண்டிகள் இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. பிழைப்பு அந்த வழியாகத்தான் போகிறது.

இந்த மலைப்பகுதிக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ‘பிளாக் கிரானைட்’ என்ற பெயரில் ஏற்றுமதியாகும் கறுப்புக் கல், பெரும்பாலும் டோலரைட் என்ற பாறை. பூமிக்கு அடியிலிருந்து கொதித்து வந்த குழம்பு, பாறை வெடிப்புகளுக்குள் ஏறி, அங்கேயே உறைந்து கல்லானது. அது நடந்து சுமார் 200 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் ஊரில் அந்த நெருப்பு எப்போதோ ஆறி, இன்று சமையல் மேடையாகவும் வாசல்படியாகவும் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் அது ஆறவில்லை.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் மேடான் என்ற பெருநகரம் இருக்கிறது. அங்கிருந்து பெராஸ்தாகி என்ற மலை ஊருக்குப் போகும் சாலையும் ஏறக்குறைய தொப்பூர் மாதிரிதான். வளைவுக்கு வளைவு காய்கறி லாரிகள். மழைக்காலத்தில் மண்சரிவு பயம் வேறு. 2024 நவம்பர் இறுதியில் சிபோலாங்கிட் பகுதியில் மலை சரிந்து, பேருந்து உட்பட சில வாகனங்கள் மாட்டிக்கொண்டதில் பலர் இறந்தார்கள். சுமார் 70 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் சனி, ஞாயிறு என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகும்.

மேலே போய்ச் சேர்ந்தால் ஊட்டிக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். டச்சுக்காரர்கள் மேடான் வெயிலுக்குப் பயந்து வளர்த்தெடுத்த ஊர் இது. முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, காபி எல்லாம் விளைகின்றன. பழச் சந்தையில் கொடைக்கானலில் கிடைக்கிற பேஷன் ஃப்ரூட்டும் மரத்தக்காளியும் குவிந்து கிடக்கும். ஊருக்கு இரண்டு பக்கமும் இரண்டு எரிமலைகள். ஒன்று சிபாயாக், புகை விட்டுக்கொண்டிருந்தாலும் மக்கள் ஏறிப் பார்த்துவிட்டு, அடிவாரத்து வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வரும் மலை. மற்றொன்று 2,460 மீட்டர் உயர சினாபுங்.

அந்தப் பகுதியின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது இந்த சினாபுங்தான்.

சாதுவாக இருந்த மலை

இந்தியாவில் உயிருள்ள எரிமலை என்று சொல்ல அந்தமானில் உள்ள பேரன் தீவு ஒன்றுதான் உண்டு. அங்கே மனிதர்கள் வசிக்கவில்லை. இந்தோனேசியாவிலோ 120-க்கும் மேல். அத்தனையையும் ஒரே மாதிரி கண்காணிக்க முடியாது என்பதால், 1600-ஆம் ஆண்டுக்குப் பிறகு வெடித்தவற்றை ‘ஏ’ வகை என்றும், அப்படி வெடித்ததற்குப் பதிவு இல்லாதவற்றை ‘பி’ வகை என்றும் அந்த நாடு பிரித்து வைத்திருக்கிறது. சினாபுங் ‘பி’ வகையில் இருந்தது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலும் அது வெடித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அடிவாரத்தில் லாவ் காவார் என்ற அழகான ஏரி. அங்கே கூடாரம் போட்டுத் தங்கி, அதிகாலையில் மலை ஏறுவது இளைஞர்களின் பொழுதுபோக்கு.

2010 ஆகஸ்ட் 29. நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் சினாபுங் வெடித்தது. பல ஆயிரம் பேர் இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதன் பிறகுதான் மலையை ‘ஏ’ வகைக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் எல்லாம் அடங்கியது. மக்கள் ஊர் திரும்பினார்கள். விதைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2013 செப்டம்பரில் மறுபடியும் ஆரம்பித்தது. இந்த முறை அது நிற்கவில்லை.

சினாபுங்கின் குழம்பு தண்ணீர் மாதிரி ஓடுவதில்லை. கெட்டியானது. உச்சியில் குமிழ் போலப் பிதுங்கி, பாறையாக இறுகி, மேலும் மேலும் வளரும். எடை தாங்காமல் ஒரு கட்டத்தில் சரியும். அப்போது பல நூறு டிகிரி சூட்டில் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த மேகம் மலைச்சரிவில் இறங்கிவரும். உள்ளூரில் அதற்கு ‘அவான் பானாஸ்’, அதாவது சூடான மேகம் என்று பெயர். காரில் போனாலும் அதற்கு முன்னால் தப்பிப்பது கடினம். பலரும் நினைப்பதுபோல எரிமலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சிவப்பாக ஓடும் குழம்பு அல்ல, இந்தச் சாம்பல் நிற மேகம்தான்.

வீடு திரும்பிய மறுநாள்

2014 ஜனவரியில் முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 30,000 பேர். தேவாலயம், மசூதி, பள்ளிக்கூடம், ‘ஜம்பூர்’ எனப்படும் ஊர்க் கூட்ட மண்டபம் என்று பாய் விரிக்க இடம் கிடைத்த எல்லா இடங்களிலும் மக்கள். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? மலை கொஞ்சம் அமைதியானதும், ஜனவரி 31 அன்று, உச்சியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வீடு உள்ளவர்கள் திரும்பலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்.

மறுநாள், பிப்ரவரி 1, சினாபுங் வெடித்தது. உச்சியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்த சுகாமெரியா கிராமத்தைச் சூடான மேகம் மூடியது. அன்று மட்டும் 14 உடல்கள் மீட்கப்பட்டன. சாம்பல் முழங்கால் அளவு கிடந்ததால் தேடப் போனவர்களாலும் முழுமையாகத் தேட முடியவில்லை.

இறந்தவர்களில் ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை. எரிமலையைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று போன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நான்கு பேர், அவர்களின் ஆசிரியர், உள்ளூர் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் ஆகியோரும் இருந்தார்கள். சுகாமெரியா தடைசெய்யப்பட்ட வட்டத்துக்குள்தான் இருந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு வெளியே உள்ளவர்களுக்குத் தரப்பட்ட அனுமதி, உள்ளே போகத் துடித்தவர்களுக்கும் தைரியம் கொடுத்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

இரண்டு வருடம் கழித்து இதேதான் மறுபடி நடந்தது. 2016 மே 21 அன்று, உச்சியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள காம்பெர் கிராமத்தில் 7 பேர் இறந்தார்கள். அதுவும் தடைசெய்யப்பட்ட பகுதிதான். அவர்கள் அங்கே போனது வேடிக்கை பார்க்க அல்ல, தோட்ட வேலைக்கு.

ஆபத்து என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்? பாலக்கோட்டில் தக்காளி போடுகிற விவசாயியிடம் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். கடன் வாங்கிப் போட்ட பயிர் அங்கே நிற்கிறது. சந்தையில் விலை இருக்கும்போதே பறிக்க வேண்டும். முகாமில் சோறு கிடைக்கும். ஆனால் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், பேங்க் தவணை, விதைக் கடன் எதுவும் முகாமுக்காகக் காத்திருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. எரிமலை மண்ணுக்கு ஈடான மண் கிடையாது. புதுச் சாம்பல் பயிரைக் கருக்கும், தகரக் கூரையைத் துருப்பிடிக்க வைக்கும், பெருமழையில் சேறாகப் பெருகி ஊரையே மூடும். அதே சாம்பல் வருடக்கணக்கில் மட்கிய பிறகு பொட்டாஷ், மக்னீசியம், பாஸ்பரஸ் என்று மண்ணுக்குத் தேவையானதைத் தரும். காரோ மேட்டுநிலத்தின் கேரட்டும் முட்டைக்கோஸும் அவ்வளவு செழிப்பாக வருவதற்கு அந்த மலைதான் காரணம்.

2018 பிப்ரவரி 19 அன்று பெரிய வெடிப்பு ஒன்று நடந்தது. சாம்பல் தூண் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் எழுந்தது. உச்சியில் வளர்ந்திருந்த குமிழ் பாறை அப்படியே சிதறிப்போனது. பள்ளிப் பிள்ளைகள் பின்னால் திரளும் சாம்பலைப் பார்த்து அலறியபடி ஓடும் வீடியோ அந்த நாளில் நம் ஊர் வாட்ஸ்அப் வரைக்கும் வந்தது. 2020 ஆகஸ்டில், 2021 மார்ச்சில் என்று அதற்குப் பிறகும் மலை சீறியது.

‘மாமா’ என்றால் அங்கேயும் மாமாதான்

இந்த மக்கள் யார்? காரோ என்ற இனத்தவர். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், கொஞ்சம் முஸ்லிம்கள். ஐந்து பெரிய குலங்கள். குலத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘மெர்கா’. அதில் ஒன்றான செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுப் பெயர்களைக் கேட்டால் தமிழர்கள் யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்: சோழியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரஹ்மணா.

சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர், பிராமணர் என்று ஆய்வாளர்கள் இவற்றைப் படிக்கிறார்கள். காரோ மொழியில் ‘ம்பிரிங்’ என்றால் கறுப்பு. கறுத்த நிறத்தவர் என்பதிலிருந்துதான் செம்பிரிங் என்ற பெயரே வந்தது என்பார்கள். இவர்களின் முன்னோர் எப்போது, எந்த வழியாக வந்து கலந்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஆனால் தமிழ் வணிகர்கள் சுமத்ராவில் இருந்ததற்குக் கல்லில் வெட்டிய சாட்சி உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ் அருகே, லோபு துவா என்ற இடத்தில் கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்ற புகழ்பெற்ற வணிகக் குழுவினர் வைத்தது அது. அவர்கள் அங்கே போனது முக்கியமாகக் கற்பூரத்துக்காக. கோயிலில் தீர்த்தத்துக்கும் வீட்டில் சர்க்கரைப் பொங்கலுக்கும் போடுகிறோமே பச்சைக் கற்பூரம், அந்த மரம் வளரும் காடு அது.

உறவுமுறையைக் கேட்டால் ஆச்சரியம் இன்னும் கூடும். அம்மாவின் தம்பியை, அண்ணனைக் காரோ மொழியில் ‘மாமா’ என்றே அழைக்கிறார்கள். அவர் மனைவி ‘மாமி’. அந்த மாமன் மகளைக் கட்டுவதுதான் சிறந்த சம்பந்தம் என்பது அவர்களின் பழைய வழக்கம். சொல் எங்கிருந்து யாருக்குப் போனது என்ற ஆராய்ச்சியை மொழியறிஞர்களுக்கு விட்டுவிடலாம். முறைப்பெண் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லாத ஊர் அது!

சினாபுங் சரிவில் இருந்து காலிசெய்யப்பட்ட கிராமங்களில் ஒன்றின் பெயர் குரு கினாயன். செம்பிரிங் குலத்தின் ஓர் உட்பிரிவுக்கும் அதே பெயர். அதாவது, ஒரு குடும்பத்தின் பெயரும் ஒரு ஊரின் பெயரும் ஒன்றாக இருக்க, ஊர் மட்டும் இப்போது ஆளில்லாமல் கிடக்கிறது. ஊர் என்பது வெறும் வீடு இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நமக்கும் அந்த மண்ணுக்கும் இதைவிடப் பழைய தொடர்பு ஒன்று உண்டு. காரோ மேட்டுநிலத்தின் தெற்கு விளிம்பில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு ஏரி தெரியும். தோபா ஏரி. சுமார் 100 கிலோமீட்டர் நீளம். அது உண்மையில் ஒரு பிரம்மாண்ட எரிமலையின் வாய். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது கிளம்பிய சாம்பல் இந்தியா முழுவதும் விழுந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கையும், அதற்கு மேலும் கீழும் மனிதர்கள் பயன்படுத்திய கல் கருவிகளையும் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சாம்பல் விழுந்த பிறகும் இங்கே யாரோ பிழைத்துக் கிடந்து, மறுபடி கல்லைத் தீட்டியிருக்கிறார்கள்.

சியோசார்: வீடு வந்தது, நிலம்?

சுகாமெரியா, பெகெரா, சிமாசெம் ஆகிய மூன்று கிராமங்களுக்கு இனித் திரும்பவே முடியாது என்று முடிவானது. மெரேக் பகுதியில் சியோசார் என்ற உயரமான இடத்தில் காட்டை வெட்டி, புது ஊர் அமைத்தார்கள். பாதை போட்டதும் வீடு கட்டியதும் பெரும்பாலும் ராணுவ வீரர்கள். 2014 அக்டோபரில், அதிபராகப் பதவியேற்ற சில நாள்களிலேயே ஜோகோ விடோடோ அங்கே வந்து பார்த்தார். 370 குடும்பங்களுக்கு வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஒரு குடும்பத்துக்கு அரை ஹெக்டேர் நிலம் என்பது வாக்குறுதி.

வீடு முதலில் வந்தது. விளைநிலம் பிறகுதான் வந்தது. வந்த நிலமும் காட்டு நிலம். வேரைப் பிடுங்கி, உரம் போட்டு, உருளைக்கிழங்கும் காபியும் வருவதற்குள் வருடங்கள் ஓடின. குளிர் வேறு எலும்பைத் துளைக்கும். காரோ மக்களின் பழைய வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரியும். லிங்கா போன்ற ஊர்களில் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. ஆணி அடிக்காமல் மரத்தைக் கோத்துக் கட்டி, உச்சியில் எருமைக் கொம்பு வைத்த உயர்ந்த கூரை. ஒரே வீட்டுக்குள் எட்டு குடும்பங்கள், நடுவில் அடுப்புகள். அப்படிக் கூட்டமாக வாழ்ந்த மரபில் வந்தவர்களுக்குத் தனித்தனிச் சின்ன வீடு. கூரை இருக்கிறது என்பதே பெரிய விஷயம்தான், மறுக்க முடியாது. சுனாமிக்குப் பிறகு கடற்கரையிலிருந்து தள்ளிக் கட்டிய குடியிருப்புகளில் நாகப்பட்டினம் மீனவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அடுத்த கட்டத்தில் குரு கினாயன், பெராஸ்தெபு, காம்பெர் போன்ற ஊர்க்காரர்களுக்கு அரசு வேறு வழி பார்த்தது. பணம் கொடுத்து, விரும்பிய இடத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொள்ளச் சொன்னது.

சியோசாருக்கு ஒரு எதிர்பாராத வரவும் கிடைத்தது. அந்த உயரத்திலிருந்து மேகமும் மலைகளும் தெரியும் காட்சி இன்ஸ்டாகிராமில் பரவ, ‘புன்சாக் 2000’ என்ற இடம் பிக்னிக் ஸ்பாட் ஆகிவிட்டது. மேடானிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அகதி ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தில் இப்போது காபிக் கடை, தங்கும் குடில்கள், வார இறுதி டிராஃபிக்.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக மேடானின் குவாலாநாமு விமான நிலையத்துக்குப் போகலாம். மேடானில் தமிழர்களைத் தேட வேண்டியதில்லை. தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் வாழும் ‘கம்போங் மெட்ராஸ்’ பகுதியில், 1884-ல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. நகரின் இன்னொரு பக்கம் கோபுரம்போல எழும் அன்னை வேளாங்கண்ணி ஆலயம், தமிழரான ஜேசு சபைப் பாதிரியார் ஜேம்ஸ் பரதபுத்ராவின் முயற்சியில் 2005-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து பெராஸ்தாகிக்குப் பேருந்தும் வாடகைக் காரும் உண்டு.

சினாபுங் மேல் ஏற முடியாது. ஏற நினைக்கவும் வேண்டாம். புதர் மூடிய சுவர்களும் கூரை விழுந்த பள்ளிகளுமாகக் கிடக்கும் கிராமங்களை ‘பேய் ஊர்’ என்று பெயர் வைத்து வீடியோ எடுக்கப் போகிறவர்கள் உண்டு. 2014 பிப்ரவரி 1 அன்று அந்த மாணவர்களும் பார்க்கத்தான் போனார்கள். போதாததற்கு, அது யாரோ ஒருவருடைய வீடு. தடை வட்டம் எவ்வளவு, எச்சரிக்கை நிலை நான்கில் எது என்பதை ‘மாக்மா இந்தோனேசியா’ என்ற அரசுத் தளம் சொல்கிறது. கிளம்புவதற்கு முன் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பாகப் பார்க்க பெராஸ்தாகியிலேயே குண்டாலிங் குன்று இருக்கிறது. அதிகாலை ஆறு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும். அதன்பின் மேகம் மூடிக்கொள்ளும். ஒரு பக்கம் சிபாயாக், இன்னொரு பக்கம் சினாபுங். குழம்பு இறங்கிய தடம் தெற்குச் சரிவில் சாம்பல் நிற நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது. அதைச் சுற்றி, அந்தத் தடத்தின் ஓரம் வரைக்கும், பச்சைப் பசேலென்று தோட்டம்.

இறங்கும்போது பழச் சந்தைக்குப் போகலாம். ‘மெஜுவா-ஜுவா’ என்றால் அவர்கள் மொழியில் வணக்கம், நலமாக இருங்கள் என்று பொருள். ‘புஜுர்’ என்றால் நன்றி. பேரம் பேசலாம், தப்பில்லை. கிலோ ஆரஞ்சை எடை போட்டுவிட்டு, மேலே ஒன்றைக் கொசுறாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். அந்த வழக்கத்துக்கு மட்டும் எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.